கச்சான் காற்றில் காயாத விரிப்பு

நேவிக்காரர் போய் ஆறு வருசமாகியும் சோமசேகரத்தின் வாயிலிருந்து நேவி போகவில்லை. திருகோணமலைத் துறைமுகத்தில் வெள்ளைக்காரரின் கடற்படை இருந்த காலத்தில் அவர்களுடைய சலவைக்கூடத்தில் பதினான்கு வருசம் வேலை செய்தவர் அவர். ஆயிரக்கணக்கான படுக்கை விரிப்புகளை நீராவியில் அவித்து, உருளைக்குள் விட்டு, கடதாசி மாதிரி வெளியே எடுத்த கதையை அந்தக் கடற்கரைத் தெருவில் கேட்காதவர் இல்லை. இயந்திரங்களைக் கழற்றிக் கப்பலேற்றிக்கொண்டு அவர்கள் போனபிறகு அவருக்கு எண்ணெய்க் குதங்களில் காவல் வேலை கிடைத்தது. பழைய வேலையில் இருந்து மிஞ்சியது ஒரு பழக்கம்தான். எந்தத் துணியைக் கண்டாலும் எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்.

"கை பொய் சொல்லும். நாள் முழுக்கத் தண்ணிக்குள்ள கிடந்த கைக்கு எது ஈரம், எது காய்ஞ்சது எண்டு தெரியாது. கன்னம் பொய் சொல்லாது. நேவியில நாங்கள் கன்னத்தாலதான் பாக்கிறனாங்கள்" என்பார்.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், மேட்டு விடுதியின் மனேச்சர் காசிநாதர் ஒரு விரிப்பை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சோமசேகரத்தின் வளவுக்குள் வந்தார். பழைய வெள்ளைக்கார பங்களா ஒன்று விடுதியான நாளிலிருந்து அதன் கதிரை, கட்டில், கரண்டி எல்லாவற்றையும் தன் பிள்ளைகள் மாதிரிப் பார்த்துக்கொள்கிற மனிதர். அதிர்ந்து பேசமாட்டார். அவர் நேரில் வந்திருக்கிறார் என்றால் விசயம் சின்னதல்ல என்று, விடுதி விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கிற சோமசேகரத்தின் மனைவி புஸ்பராணிக்குக் கண்டவுடனேயே விளங்கிவிட்டது.

அவர் நீட்டிய விரிப்பை அவள் வாங்குவதற்குள் அவளுடைய புருசன் வாங்கினார். கன்னத்தில் வைத்தார்.

"ஈரம்" என்றார்.

காசிநாதர் தலையாட்டினார். "நேற்று காணி அளக்கிற சேவையர் ஒராள் வந்து தங்கினவர். பின்னேரம் படுத்தவர், முதுகெல்லாம் குளிருது எண்டு எழும்பி வந்திட்டார். போன கிழமையும் ஒராள் சொன்னவர். பிள்ளை, நான் குறை சொல்ல வரேல்லை. ஆனா ஈரத்தோட மடிச்சுத் தாறது சரியில்லைத்தானே?"

"ஐயா, நான் காயவைச்சனான்" என்றாள் புஸ்பராணி.

"ஓம். நீங்கள் சொல்லுறீங்கள். சீற் வேற மாதிரிச் சொல்லுதே."

போகும்போது அவர் ஒரு புது விரிப்பையும் கொடுத்தார். பெட்டியிலிருந்து அப்போதுதான் பிரித்தது, இன்னும் தண்ணீர் படாதது. "காய்ஞ்ச சீற் எண்டா இப்பிடி இருக்கோணும். வைச்சுப் பாருங்கோ. வாற கிழமை வெள்ளி பின்னேரம் நான் வருவன். அண்டைக்கும் இப்பிடி எண்டா எனக்கு வேற வழியில்லை, பிள்ளை" என்றார். சொல்லிவிட்டுப் படலையைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

அவர் தெருமுனையைத் தாண்டும்வரை பொறுத்திருந்த புஸ்பராணி புருசனிடம் திரும்பினாள்.

"அந்த மனுசனுக்கு முன்னால ஈரம் எண்டு சொல்லுறீங்கள்?"

"ஈரத்தை ஈரம் எண்டுதானே சொல்லலாம்."

"பன்னிரண்டு மணிக்கு இந்தக் கையால மடிச்சனான். அப்பளம் மாதிரிக் கிடந்தது. உங்கட மகளைக் கேளுங்கோ."

"கையால பாத்திருப்பாய்."

"கன்னத்தாலயும் பாத்தனான்!"

"காயவைச்சா காய்ஞ்சிருக்கோணும், புஸ்பம். நேவியில..."

"உங்கட நேவியைக் கொண்டுபோய்க் கடலில போடுங்கோ" என்று சொல்லிவிட்டு அவள் குசினிக்குள் போய்விட்டாள். அன்றைக்குப் புட்டுக்குத் தொட்டுக்கொள்ள அவருக்குச் சொதி மட்டும்தான் கிடைத்தது. கீரிமீன் பொரியல் மகளுடைய தட்டுக்குப் போனது.

அவளுக்கு வந்த கோபம் வேலை போய்விடும் என்பதால் மட்டும் வந்ததல்ல. அவள் பொய் சொல்கிறாள் என்று அவளுடைய புருசன் நினைக்கிறாரே, அதுதான் சுட்டது. இத்தனைக்கும் அவள் விரிப்புத் துவைக்கிற விதம் அந்தத் தெருவில் எவருக்கும் வராது. முதல் நாள் பின்னேரமே ஒவ்வொன்றையும் உதறி விரித்து, கறை இருக்கிற இடத்தில் தேசிக்காய்ப் புளி தடவுவாள். பீப்பாயைப் பாதியாக வெட்டிச் செய்த தொட்டியில் சோடாத் தண்ணீரில் விடியும்வரை ஊறும். விடிந்ததும் கிடாரத்தில் சவர்க்காரச் சீவலோடு அவியும். கல்லில் அடிக்கமாட்டாள், அடித்தால் கரைத் தையல் விட்டுப்போகும். காலால் மிதிப்பாள். பிறகு மூன்று தண்ணீர் அலசல், மூன்றாவதில் ஒரு சொட்டு நீலம். பிழிவதற்கு மகள் குணமணி வருவாள். தாயும் மகளும் எதிரெதிரே நின்று ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்து, இருவரும் தத்தம் வலப்பக்கம் முறுக்கினால் கடைசித் துளியும் போய்விடும். கொடியில் போடுவதிலும் ஒரு கணக்கு இருந்தது. நடுவில் மடித்துப் போட்டால் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். ஒரு சாண் அகலம் மட்டும் கொடிக்கு மேலால் மடித்துக் கிளிப் குத்தி, மற்ற முழுவதையும் காற்றுக்கு விடுவாள்.

கச்சான் காற்று மலைப்பக்கத்திலிருந்து நெருப்பை அள்ளிக்கொண்டு வருகிற மாதம் அது. கொடியில் போட்ட விரிப்பு அரை மணித்தியாலத்தில் சடசடக்கும். மாசி மாதம் அவள் விடுதி வேலையை எடுத்தபோது வானம் மூடிக் கிடந்தது. அப்போது துவைத்துக் கொடுத்தவற்றில் ஒருவரும் குறை சொல்லவில்லை. மழைக் குணத்தில் காய்ந்தது கச்சானில் காயவில்லை என்றால் அது எப்படி? கோபம் ஆறிய பிறகு புஸ்பராணியைப் பிடித்துக்கொண்டது இந்தக் கேள்விதான். பிடித்தால் விடுகிற ஆளல்ல அவள்.

அடுத்த நாள் ஒரு விரிப்பைத் துவைத்து, காயவைத்து, நண்பகலில் மடித்து, கூடத்தில் ஒரு கதிரையில் வைத்தாள். பக்கத்தில் இன்னொரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். மணிக்கு ஒருதரம் எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கிற தாய் மாதிரி இருந்தாள்.

"அம்மா, சீற்றுக்கு இப்ப எப்பிடி இருக்காம்?" என்று குணமணி குசினியிலிருந்து கேட்டாள்.

"சிரி, சிரி. ஒரு மணிக்குச் சடசடவெண்டிருந்தது. இரண்டுக்கும் அப்பிடித்தான்."

நாலு மணிக்கு மேல் கச்சான் ஓய்ந்தது. கடல் பக்கத்திலிருந்து காற்றுத் திரும்பியது. ஐந்தரை மணிக்கு அவள் விரிப்பை எடுத்துக் கன்னத்தில் வைத்தபோது பூனையின் மூக்கு மாதிரிச் சில்லென்றிருந்தது. ஒரு துளி தண்ணீர் அதன் கிட்டப் போகவில்லை. அவள் கண்ணை எடுக்கவும் இல்லை.

வேலை முடிந்து வந்த சோமசேகரத்திடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் சேட்டைக் கழற்றிக்கொண்டே யோசித்தார்.

"காத்தில ஈரம் இருக்கு. கடல் காத்துத்தானே."

"அப்பிடி எண்டா இது ஏன் அப்பிடியில்லை?" காசிநாதர் கொடுத்த புது விரிப்பை அவள் எடுத்து நீட்டினாள். அதுவும் அதே கதிரையில், அவளுடைய விரிப்புக்குக் கீழே கிடந்ததுதான். "வைச்சுப் பாருங்கோ. அதே வீடு, அதே காத்து."

அவர் ஒரு கன்னத்தில் அதையும் மற்றக் கன்னத்தில் இதையும் வைத்தார். புதுசு மொறமொறவென்று இருந்தது. அவருடைய முகத்தில் முதல்முறையாக ஒரு குழப்பம் வந்தது. நேவியில் இதற்கு விடை இருக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் வேறு கதை இல்லை. சவர்க்காரம் பிழை என்றார் அவர். நுரை முன்னைப்போல் வருவதில்லை என்று அவளும் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். வேறு சவர்க்காரம் வாங்கினார்கள். அதுவும் நுரைக்கவில்லை, விரிப்பும் பின்னேரம் குளிர்ந்தது. நீலத்தை நிறுத்திப் பார்த்தார்கள். சூடான ஸ்திரிக்கைப் பெட்டியை இரண்டுதரம் ஓட்டிப் பார்த்தார்கள். சவர்க்காரம் சரியாகப் போகாமல் உள்ளே நிற்கிறதோ என்று மூன்று தண்ணீருக்குப் பதிலாக ஆறு தண்ணீரில் அலசினாள். தோள்மூட்டு விட்டுப்போனது. அன்றைக்கு விரிப்பு முன்னையை விடக் கூடுதலாகக் குளிர்ந்தது.

"அலச அலச ஈரம் கூடுது" என்று அவள் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். "இதென்ன புதினம்?"

இதற்கிடையில் இன்னொரு விசயமும் நெருங்கிக்கொண்டிருந்தது. குணமணிக்கு வெருகல் பக்கத்துக் கரையோரக் குடும்பம் ஒன்றில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். பையனின் பெயர் பாக்கியரத்தினம். துறைமுகத்தில் வேலை கிடைத்திருக்கிறது, கலியாணம் முடித்தால் இந்த வீட்டில்தான் வந்து இருப்பான். அவனுடைய தாய் தங்கமுத்து சனிக்கிழமை வீடு பார்க்க வருவதாகச் செய்தி வந்திருந்தது. வீடு என்பது ஒரு சாட்டு. அவள் பார்க்க வருவது கிணற்றை. கடற்கரைத் தெருவிலுள்ள கிணறுகள் எல்லாம் சவர். புஸ்பராணியின் தகப்பன் வெட்டிய கிணறு ஒன்றுதான் நல்ல தண்ணீர். அவளுக்கு அது சீதனமாக வந்தது, இனி மகளுக்குப் போகப்போகிறது. "எங்கட பக்கம் நல்ல தண்ணிக்கு மைல் கணக்கா நடக்கோணும். என்ர பிள்ளையாவது நல்ல தண்ணி குடிக்கட்டும்" என்று தங்கமுத்து சொல்லியிருந்தாளாம்.

அடுத்த கிழமை புதன் காலை கொடியில் இரண்டு விரிப்புகள் தொங்கின. ஒன்று புஸ்பராணி துவைத்தது. மற்றது காசிநாதரின் புதுசு. பெட்டி வாசம் போகட்டும் என்று போட்டது. முன்வீட்டு நஜ்முன் நிஸாவின் ஆடு வழக்கம்போலக் கழுநீருக்காகப் படலையைத் தள்ளிக்கொண்டு வந்தது. கழுநீர்ச் சட்டியைப் பார்க்கவே இல்லை. நேரே கொடிக்குப் போய், புஸ்பராணியின் விரிப்பின் கீழ்க்கரையை நாக்கால் துழாவத் தொடங்கியது.

நிஸா தலைச்சீலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். குறிஞ்சாக்கேணியில் பிறந்து, கலியாணத்தோடு இந்தத் தெருவுக்கு வந்தவள்.

"அல்லாவே! இது எப்ப இருந்து சீலை தின்னப் படிச்ச? சூ! சூ!"

"கலைக்காத நிஸா. நிக்கட்டும்."

"கடிச்சிரும், அக்கா!"

"கடிக்கேல்லை. பாரு. நக்குது."

ஆடு கரை நெடுக நக்கிக்கொண்டு போனது. ஒரு மூலை முடிந்ததும் திரும்பி மற்ற மூலைக்கு வந்தது. புஸ்பராணி மெல்லப் போய்ப் புது விரிப்பின் கரையை அதன் மூக்குக்கு முன்னால் பிடித்தாள். ஆடு மோந்து பார்த்தது. தும்மிவிட்டுப் பழையதற்கே திரும்பியது.

 புஸ்பராணி ஆடு தொடாத பக்கக் கரையைப் பிடித்து, தன் நாக்கால் நக்கினாள்.

"உப்பு" என்றாள்.

அவள் மூளைக்குள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தது. அலசுகிற தண்ணீரில் கொஞ்சம் உப்பு இருந்தால், வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பைத் துணியில் விட்டுப் போகும். குசினியில் மூடாமல் வைத்த உப்புச் சட்டி பின்னேரமானால் கசிகிறதே, அதேபோல அந்த உப்புத்தான் கடல் காற்று வந்ததும் ஈரத்தை இழுக்கிறது. ஆறுதரம் அலசியபோது சவர்க்காரம் கொஞ்சமும் மிஞ்சாமல் போய், உப்புத் தண்ணீர் நூல்வரைக்கும் ஊறியிருக்கிறது. அவளுக்கு முதலில் வந்தது சந்தோசம். நான் காயவைச்சனான்! நான் பொய் சொல்லவில்லை! ஆட்டைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது.

அப்போதுதான் நிஸாவின் முகத்தைப் பார்த்தாள். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் நிஸா?"

"ரெண்டு மாசமா நாங்க ஒங்கட தண்ணி குடிக்கிறல்ல, அக்கா."

"என்ன?"

"இவரு விறகு ஏத்தக் கப்பல்துறைக்கு வண்டில்ல போறாருதானே? வரக்குள்ள அங்கால ஒரு கிணத்துல ரெண்டு குடம் அள்ளிட்டு வாறாரு. ஒங்கட தண்ணி குளிக்க, கழுவ மட்டும்தான்."

இரண்டு மாதமாக நிஸா இந்த வீட்டில் தேத்தண்ணீர் குடிக்காதது புஸ்பராணிக்கு இப்போதுதான் உறைத்தது. ஒரு நாள் இப்போதுதான் குடித்தேன் என்பாள், ஒரு நாள் வயிறு சரியில்லை என்பாள்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுற? கலியாணம் முடிச்சு வந்த நாளையில இருந்து குடிச்ச தண்ணி. ஒங்கட அப்பா தோண்டின கிணறு. வாயில வருமா, அக்கா?" நிஸாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "தெருவுல எல்லாருக்கும் தெரியும். ஒங்களுக்குத்தான் தெரியா."

புஸ்பராணி கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி அள்ளிக் கையால் குடித்தாள். எப்போதும் போலத்தான் இருந்தது. நிஸா வீட்டுக்கு ஓடிப்போய்க் கப்பல்துறைத் தண்ணீர் ஒரு கிளாஸ் கொண்டுவந்தாள். அதைக் குடித்தபோது சப்பென்று, ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது. அதற்குப் பிறகு தன் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டாள். விழுங்க முடியவில்லை. வாழைமரத்தடியில் துப்பினாள்.

"அதுதான் அம்மா" என்றாள் பின்னால் வந்து நின்ற குணமணி. "கொஞ்ச நாளா நான் கறிக்கு உப்புக் குறைச்சுத்தான் போடுறன். வழமைபோலப் போட்டாக் கரிக்குது. என்ர கைதான் பிழை எண்டு நினைச்சனான்."

பின்னேரம் சோமசேகரம் வந்தார். இரண்டு கிளாசையும் அவருக்கு முன்னால் வைத்தார்கள். குடித்தார். எழும்பிப் போய்க் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். அவருக்கு யாரும் ஒன்றும் விளக்கத் தேவையிருக்கவில்லை. சித்திரையில் தண்ணீர் இறங்கியபோது, விரிப்பு அலசப் போதாது என்று புஸ்பராணி சொன்னதைக் கேட்டு, இரண்டு ஆட்களைப் பிடித்துக் கிணற்றை மூன்று முழம் ஆழமாக்கியவர் அவர்தான். தண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தபோது அதற்கும் நேவியில்தான் படித்தேன் என்று சொல்லியிருந்தார்.

"கீழ கடல்" என்றார். "நல்ல தண்ணி மேலதான் நிண்டிருக்கு. நான் வெட்டிக் கடலை மேல விட்டிட்டன். மாமா வேணுமெண்டுதான் அந்த மட்டத்தில நிப்பாட்டியிருக்கிறார்."

கிணற்றுக் கட்டை விட்டுப் புஸ்பராணியிடம் திரும்பினார்.

"புஸ்பம். நீ காயவைச்சனிதான்."

எட்டு நாளாக இந்த ஒரு சொல்லைத்தான் அவள் கேட்க ஆசைப்பட்டாள். இப்போது கேட்டபோது அழுகை வந்தது. கிணறு போன கவலையா, இவர் நம்பிவிட்டார் என்பதா, எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை.

அழுது முடித்தபின் கதைத்தார்கள். மூன்று முழத்துக்கும் மண் போட்டு மூடலாம், மாரி வந்து நாலு மழை பெய்தால் பழையபடி வரலாம், வராமலும் போகலாம் என்றார் சோமசேகரம். வெள்ளிக்கிழமைக்கு நிஸாவின் புருசன் ஜமால்தீனின் வண்டிலில் இரண்டு பீப்பாய் கப்பல்துறைத் தண்ணீர் எடுத்து, கடைசி அலசலை அதில் செய்தால் போதும். அதுவரைக்கும் சரி.

"காசிநாதருக்குச் சவர்க்காரம் பிழைச்சுப் போச்சு எண்டு சொல்லுவம். கிணத்தைப் பற்றி மூச்சுக் காட்டவேண்டாம். விடுதியில ஒருக்காச் சொன்னா வெருகலுக்குப் போக எத்தினை நாள்?"

"அப்ப நான் சவர்க்காரம் போடத் தெரியாதவளோ?"

"கலியாணம் முடியுமட்டும்தானே, புஸ்பம்."

"அப்பா" என்றாள் குணமணி. "அவர் இஞ்ச வந்துதானே இருக்கப்போறார்? முதல் நாளே தேத்தண்ணி குடிப்பார். அப்ப என்ன சொல்லுறது, சவர்க்காரம் விழுந்திட்டுது எண்டோ?"

சிரிப்பு வருகிற நேரமல்ல, ஆனாலும் மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். முடிவு ஒன்றும் எடுக்கவில்லை.

வியாழன் காலை ஜமால்தீனின் வண்டில் இரண்டு பீப்பாயோடு வந்தது. நிஸாவும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலச வந்தாள். அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் வெண்ணெய் மாதிரி நுரைத்ததைப் பார்த்துப் புஸ்பராணி கையை அதற்குள் வைத்தபடி சற்று நேரம் இருந்தாள். பின்னேரம் ஐந்தரைக்கு விரிப்பு மொறமொறவென்று இருந்தது. வெள்ளிக்கிழமை காலை எழும்பியபோதும் அப்படியே இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, ஒரே ஒரு விரிப்பை மட்டும் கிணற்றுத் தண்ணீரில் அலசி வைத்திருந்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

வெள்ளி பின்னேரம் காசிநாதர் சொன்னபடி வந்தார். அவருக்குப் பின்னாலேயே படலையைத் திறந்துகொண்டு, ஒரு பன்பையும் கையுமாக, வெயிலில் கறுத்த முகத்தோடு ஒரு பெண் வந்தாள்.

"சோமசேகரத்தார் வீடு இதுதானோ? நான் வெருகல் பக்கத்துத் தங்கமுத்து. நாளைக்கு லோஞ்சில இடம் கிடைக்காது போல எண்டு சொன்னாங்கள். இண்டைக்கே மூதூரால ஏறிக் கடலால வந்திட்டன். ஒரு நாள் முந்தி வந்ததுக்குக் கோவிக்காதையுங்கோ, தங்கச்சி."

 சோமசேகரம் கதிரை எடுத்துப் போட்டார். எடுத்த கதிரையை ஒருதரம் இடம் மாற்றினார், பிறகு பழைய இடத்திலேயே வைத்தார்.

காசிநாதருக்கு வந்திருப்பது யார் என்று தெரியாது. அவர் தன் அலுவலைப் பார்த்தார். அடுக்கில் மேலிருந்த விரிப்பை எடுத்துக் கன்னத்தில் வைத்தார். அந்தப் பழக்கம் அவருக்கும் தொற்றியிருந்தது. அடுத்ததை எடுத்தார். நடுவில் ஒன்றை உருவினார்.

"அருமை. இதுதான் சீற். பிள்ளை, என்னதான் பிழை நடந்தது?"

"அது ஐயா, சவர்க்காரம்..." என்று சோமசேகரம் தொடங்கினார்.

புஸ்பராணி புருசனைப் பார்த்தாள். வாசற்படியில் நின்ற மகளைப் பார்த்தாள். தங்கமுத்து கிணற்றுப் பக்கம் ஆசையாய்ப் பார்த்துக்கொண்டிருப்பதையும் பார்த்தாள். 

"சவர்க்காரமில்லை, ஐயா. எங்கட கிணறு உப்பாப் போச்சு" என்றாள். "சித்திரையில ஆழமாக்கினது, கடல் தண்ணி ஏறிட்டுது. அந்தத் தண்ணியில அலசினா மத்தியானம் காயும், பின்னேரம் உப்பு ஈரத்தை இழுக்கும். நான் காயவைச்சதுதான். இது கப்பல்துறைத் தண்ணியில அலசினது. மாரி வருமட்டும் அங்க இருந்துதான் எடுக்கோணும்." பிறகு தங்கமுத்துவின் பக்கம் திரும்பினாள். "நீங்கள் இந்தக் கிணத்தைப் பாக்கத்தான் வந்தனீங்கள், அக்கா. மறைக்க எனக்கு ஏலாது. உங்கட பிள்ளை குடிக்கிற தண்ணி."

 காசிநாதருக்கு அப்போதுதான் நிலைமை விளங்கியது. அவர் குடையை எடுத்தார், பிறகு கீழே வைத்தார்.

தங்கமுத்து எழும்பிக் கிணற்றடிக்குப் போகவில்லை. விரிப்பு அடுக்கின் பக்கம் வந்தாள்.

"என்ன சொன்னனீங்கள்? பின்னேரம் ஈரத்தை இழுக்குமோ?"

"ஓம். இஞ்ச, இது கிணத்துத் தண்ணி. இது மற்றது."

தங்கமுத்து முதலில் கிணற்றுத் தண்ணீர் விரிப்பைக் கன்னத்தில் வைத்தாள். "இது சரியான சீலைதானே? எங்கட வீட்டில சீலை எல்லாம் இப்பிடித்தான் இருக்கும்."

பிறகு மற்றதை வைத்தாள்.

வைத்தவள் எடுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து முகம் முழுவதையும் அதில் அழுத்தினாள். நேரம் போனது. குணமணி பயந்துபோய்த் தாயைப் பார்த்தாள்.

"சீலை இப்பிடியும் இருக்குமோ?" என்றாள் தங்கமுத்து, முகத்தை எடுக்காமலே.

"இருக்கும், அக்கா."

"நான் கலியாணம் முடிச்சு முப்பத்திரண்டு வருசம். எங்கட கிணறு எல்லாம் உப்பு. எங்கட மாமி தெக்கால நல்ல தண்ணி ஊரில இருந்து மகனோட வந்து இருந்தவ. முதல் கிழமையே சொன்னவ, இவளுக்கு ஒரு சீலை காயப்போடத் தெரியாது எண்டு. ஊரெல்லாம் சொன்னவ. சாகக் கிடக்கக்குள்ளயும், ஈரப் பாயில என்னைப் போடாத எண்டு சொல்லித்தான் செத்தவ. என்ர மனுசன் இண்டைக்கும் அதைச் சொல்லித்தான் ஆக்களைச் சிரிக்க வைக்கிறது." அவள் விரிப்பை முகத்திலிருந்து எடுத்தாள். "எனக்கும் விளங்கேல்லை. மத்தியானம் காய்ஞ்சுதானே கிடந்தது எண்டு நினைப்பன். பிறகு என்ர கைதான் பிழை எண்டு நானே நம்பிட்டன்."

புஸ்பராணி அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

தங்கமுத்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு குணமணியைக் கூப்பிட்டாள். "பிள்ளை, உன்ர கிணத்துத் தண்ணியிலேயே எனக்கு ஒரு தேத்தண்ணி ஊத்து. அதைவிட உப்பில நான் முப்பத்திரண்டு வருசம் குடிச்சவள். என்ர மகனும் அதிலதான் வளந்தவன். கறிக்கு மட்டும் உப்புக் குறைச்சுப் போடு."

"குறைச்சுத்தான் போடுறனான், மாமி" என்றாள் குணமணி. சொன்ன பிறகுதான் தன் வாயில் என்ன வந்தது என்று தெரிந்து, குசினிக்குள் ஓடிவிட்டாள்.

தங்கமுத்து அந்தக் காய்ந்த விரிப்பை மடித்தாள். மடித்ததைத் தன் பன்பைக்குள் வைக்கப் போய், காசிநாதரைப் பார்த்தாள்.

"ஐயா, இது உங்கட சாமான் போல. ஒரு கிழமைக்குத் தாருங்கோ. என்ர மனுசன்ர கன்னத்தில ஒருக்கா வைக்கோணும்."

தலையணை உறை ஒன்று காணாமல் போனாலும் மூன்று நாள் தேடுகிற காசிநாதர், சரி என்று தலையை ஆட்டினார்.

அவள் பையின் வாயைச் சேலைத் தலைப்பால் இறுக்கிக் கட்டினாள், வழியில் கடல் காற்றுப் பட்டுவிடக் கூடாது என்பதுபோல. கட்டிவிட்டுப் புஸ்பராணியைப் பார்த்தாள்.

"நானும் காயவைச்சனான், தங்கச்சி" என்றாள்.